ஓட்டை விழுந்த டிக்கெட்டே உசத்தி!

ஊட்டிக்குப் போய்வந்த வீடுகளில் கொஞ்ச நாளைக்கு என்னென்ன இருக்கும்? ஒரு பொட்டலம் வர்க்கி, ஒரு பாட்டில் நீலகிரித் தைலம், தேயிலைத் தூள், சாவி வளையத்தில் தொங்கும் ஒரு குட்டி ரயில். வர்க்கி இரண்டே நாளில் காலியாகிவிடும். தைலம் பாட்டியின் தலையணைக்கு அடியில் போய்விடும். குட்டி ரயிலின் சக்கரம் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். ஆனால், மலை ரயிலில் ஏறியதற்கு உண்மையான அத்தாட்சி ஒன்று உண்டு. அதுதான் டிக்கெட். அதை மட்டும் ஸ்டேஷன் வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வந்திருப்போம்!

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். 'பழைய காலத்து மலை ரயில் டிக்கெட்' என்று எங்காவது விற்றால், காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அழுக்கு இருக்கக் கூடாது, மடிப்பு இருக்கக் கூடாது, ஓட்டை இருக்கவே கூடாது. புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, குட்டி நண்பர்களே! நினைவாக வைத்துக்கொள்ள, பயணம் போய்வந்த, ஓட்டை விழுந்த டிக்கெட்தான் உசத்தி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ரயிலைப் பார்த்துவிடுவோம். திருவாதவூர், மேலூர், ஒத்தக்கடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலை என்றதும் யானைமலைதான் நினைவுக்கு வரும். அந்த யானையின் தும்பிக்கை வழியாக ஒரு ரயில் ஏறினால் எப்படி இருக்கும்? ஏறவே முடியாது! இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். சாதாரண ரயிலுக்குக் கொஞ்சம் மேடு என்றாலே திணறல்தான். நீலகிரி மலை ரயில் பாதையிலோ, சில இடங்களில் 12 அடி முன்னால் போனால் ஏறத்தாழ 1 அடி மேலே ஏற வேண்டும். அதற்காக இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் இந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டின் ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர். கல்லாறு முதல் குன்னூர் வரைதான் இந்தப் பல் பாதை. இந்தப் பகுதியில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்!

இப்படி ஒரு பாதை போடலாம் என்று 1854-ல் பேச ஆரம்பித்தார்கள். வேலை தொடங்கியது 1891-ல். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியை எட்டியது 1908-ல். மொத்த தூரம் 46 கிலோமீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் வரை ஆகும். 1999-ல் டார்ஜிலிங் மலை ரயிலையும், 2005-ல் நம் நீலகிரி ரயிலையும், 2008-ல் கல்கா - சிம்லா ரயிலையும் யுனெஸ்கோ அமைப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இனி டிக்கெட்டுக்கு வருவோம்.

உங்கள் அப்பா, அம்மா சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ரயில் டிக்கெட் என்றால் கெட்டி அட்டை. உங்கள் கட்டை விரல் நீளம்தான் இருக்கும். சரியாகச் சொன்னால் 57 மில்லி மீட்டர் நீளம், சுமார் 30 மில்லி மீட்டர் அகலம். எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, எந்த வகுப்பு, எவ்வளவு கட்டணம், எத்தனை கிலோமீட்டர் என்று அதற்குள் அடக்கியிருப்பார்கள். ஊர்ப் பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் அந்த அட்டையைச் சிறிய இரும்புக் கருவிக்குள் நுழைத்து 'டக்' என்று இழுப்பார். அன்றைய தேதி அதில் பதிந்துவிடும். பிறகு ரயிலிலோ வாசலிலோ டிக்கெட் பரிசோதகர் குறடு மாதிரி ஒரு கருவியால் 'க்ளிக்' என்று ஒரு ஓட்டை போடுவார். அந்த 'டக்'கும் 'க்ளிக்'கும்தான் என் கட்சிக்கு இரண்டு சாட்சிகள்!

இந்த அட்டையைக் கண்டுபிடித்தவர் கதை சுவையானது. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர். மேஜை, அலமாரி செய்யும் தச்சு வேலை தெரிந்தவர். சொந்தத் தொழில் நொடித்துப்போய், 1836-ல் மில்டன் என்ற சின்ன ஊரில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு பயணிக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டம் வந்தால் கை வலிக்கும். அது போகட்டும், இன்று எத்தனை சீட்டு எழுதினோம், எவ்வளவு பணம் வந்தது என்று சரிபார்க்க வழியே இல்லை. பணம் கைமாறும் இடத்தில் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திருவாதவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த ஊரில் பிறந்த மாணிக்கவாசகரிடம் குதிரை வாங்கிவரப் பணம் கொடுத்தனுப்பிய பாண்டிய மன்னன், 'குதிரை எங்கே?' என்று கேட்டானே, அங்கேதானே நரி பரியான கதையே சூடு பிடிக்கிறது! அங்கே கைகொடுக்க இறைவனே வந்தார். பாவம், எட்மண்ட்சனுக்கு யார் வருவார்கள்? அவரே ஒரு வழி செய்துகொண்டார்.

அட்டைகளை முன்கூட்டியே அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டுவிட்டார். அவ்வளவுதான்! ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடுக்கு. காலையில் அடுக்கில் முதலாவதாக இருந்த அட்டையின் எண் 1240. மாலையில் முதலாவதாக இருப்பது 1301. அப்படியானால் 61 பேர் அந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள். பணப் பெட்டியில் 61 பேருடைய கட்டணம் இருக்கிறதா? முடிந்தது கணக்கு. கழித்தல் கணக்கு தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்க்கலாம்! உலகம் முழுவதும் பரவிய இந்த அட்டை, இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கியது. கம்ப்யூட்டர் டிக்கெட் வந்த பிறகுதான் மெல்ல மெல்ல மறைந்தது. சென்னை ராயபுரத்தில் இருந்த ரயில்வே அச்சகம் போன்ற இடங்களில்தான் இவற்றை அச்சடித்தார்கள்.

அந்தக் காலத்தில் பயணம் முடிந்ததும் டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது அவ்வளவு சுலபம் இல்லை. வாசலில் நிற்பவர் கேட்டு வாங்கிக்கொள்வார். அதனால்தான் அவருக்கு 'டிக்கெட் கலெக்டர்' என்று பெயர். மாவட்டத்தில் வரி வசூலித்தவர் ஒரு கலெக்டர், ஸ்டேஷனில் டிக்கெட் வசூலித்தவர் இன்னொரு கலெக்டர்! ஆகவே, இன்று ஒரு வீட்டில் பயணம் போய்வந்த பழைய அட்டை டிக்கெட் இருக்கிறது என்றால், அதை யாரோ ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அல்லது வாசலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே வந்திருக்க வேண்டும். எப்படியோ, அது தப்பிப் பிழைத்த டிக்கெட்!

என் அலமாரியில் இரண்டு மலை ரயில் அட்டைகள் இருக்கின்றன. ஒன்று, உறவினர் ஒருவர் எங்கோ வாங்கி வந்து அன்பளிப்பாகத் தந்தது. பளபளவென்று இருக்கிறது. தேதி இல்லை, ஓட்டை இல்லை. ஒரு நாளும் ரயில் ஏறியதில்லை. இரண்டாவது, என் அத்தையின் பழைய பர்ஸில் கிடைத்தது. குன்னூரிலிருந்து உதகமண்டலம். நிறம் மங்கி, ஒரு மூலை மழுங்கிப்போய்விட்டது. ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம். முதலில் பார்ப்பவர்கள், 'ஐயோ, கிழிந்துவிட்டதே!' என்பார்கள். கிழியவில்லை. அரை டிக்கெட் கேட்டால், அட்டையின் ஓரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டு ரயில்வே கணக்குக்கு. ஆக, அந்த டிக்கெட்டில் போனது ஒரு சின்னப் பிள்ளை! பின்பக்கத்தில் அத்தை பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'மழை. லவ்டேலில் வெகுநேரம் நின்றோம். முறுக்கு தீர்ந்தது.'

எதை வைத்துக்கொள்வீர்கள், எதைக் கொடுத்துவிடுவீர்கள்?

முதல் அட்டை, மலை ரயில் டிக்கெட் எப்படி இருக்கும் என்று காட்டுகிறது. அவ்வளவுதான். இரண்டாவது, ஒரு நாள் என்ன நடந்தது என்று சொல்கிறது. மலை ரயிலுக்கு இந்த 'ஒரு நாள்' ரொம்ப முக்கியம். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் இன்றும் போகும், நாளையும் போகும். நீலகிரி ரயில் அப்படியில்லை. மழைக்காலத்தில் பாறையும் மண்ணும் சரிந்து பாதையை மூடிவிட்டால், நாள் கணக்கில் ஓடாது. டிக்கெட்டில் தேதி இருந்தால், அன்று ரயில் ஓடியது என்பதற்கு அது ஆதாரம். தேதியே இல்லாத டிக்கெட், பிறந்த நாள் இல்லாத பிள்ளை மாதிரி. எத்தனை வயது என்று யாரைக் கேட்பது?

'பழைய டிக்கெட்டைச் சேர்த்து வைத்தால் பின்னால் நல்ல விலை கிடைக்குமாமே?' என்று சிலர் கேட்பீர்கள். விலைக்காகச் சேர்ப்பவர்கள்தான் ஓட்டையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். விலை பேசுகிறவருக்கு உங்கள் அத்தையின் முறுக்கு பற்றி என்ன அக்கறை? தபால்தலை சேகரிப்பவர்களிலும் இந்தச் சண்டை உண்டு. முத்திரை குத்தாத தலைதான் வேண்டும் என்று ஒரு கூட்டம். எந்த ஊர் முத்திரை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் இன்னொரு கூட்டம். நான் பூதக்கண்ணாடிக் கூட்டம்!

எதிர்க் கட்சிக்கும் ஒரு வலுவான உதாரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கோஃபுகு என்று ஒரு சின்ன ரயில் நிலையம். அந்தப் பெயருக்கு 'மகிழ்ச்சி' என்று அர்த்தம். அதே பாதையில் ஐகொகு என்று இன்னொரு நிலையம். அந்தப் பெயரில் 'அன்பு', 'நாடு' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. 'அன்பு நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்கு' ஒரு டிக்கெட் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 1970-களில் மக்கள் பயணம் போகாமலே அந்த டிக்கெட்டை வாங்கிக் குவித்தார்கள். 1987-ல் அந்தப் பாதையே மூடப்பட்டது. அப்படியும் அங்கே நினைவு டிக்கெட் விற்பனை நிற்கவில்லை. ரயில் இல்லாத ஊருக்கு டிக்கெட்! வாழ்த்து அட்டை மாதிரி நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாழ்த்து அட்டையாக அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட்டாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கம்ப்யூட்டர் டிக்கெட் கூடாது, எல்லா ரயிலுக்கும் பழையபடி அட்டை வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அட்டை முறையில் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி அட்டை அச்சடித்து அடுக்கி வைக்க வேண்டும். அந்த அடுக்கில் இல்லாத ஊருக்கு மறுபடியும் கையால்தான் எழுதித் தர வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் கம்ப்யூட்டரின் அருமை தெரியும். இப்போது போனிலேயே டிக்கெட் வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் போன் மாறும்போது டிக்கெட்டும் போய்விடும். அதனால் மலை ரயில் மாதிரி, வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறை மட்டும் போகிற பயணங்களுக்காவது கையில் ஓர் அட்டை வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் பழைய ரயில்களைப் பராமரித்து ஓட்டும் அமைப்புகளில் சில, இன்றும் எட்மண்ட்சன் அட்டையையே கொடுக்கின்றன. நம் நாட்டில் நினைவு டிக்கெட் அச்சடிக்கும் பெரியவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். அட்டையில் எஞ்சின் படத்தை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் 'டக்' என்று தேதியை அடித்துக் கொடுங்கள். பரிசோதகர் அண்ணாவிடம் சொல்லி 'க்ளிக்' என்று ஓர் ஓட்டையும் போடச் சொல்லுங்கள்.

'ஊட்டிக்குப் போனவர்களுக்குத்தானே இதெல்லாம்? நாங்கள் போனதே இல்லையே!' என்று யாராவது முணுமுணுப்பது கேட்கிறது. நமக்குப் பக்கத்திலேயே தண்டவாளத்தில் மலை ஏறும் வண்டி ஒன்று இருக்கிறது, தெரியுமா? பழநி மலையின் வின்ச்! எஞ்சின் இல்லாமல், தடித்த இரும்புக் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றுகிறார்களே, அதுதான். 1966 முதல் ஓடுகிறது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் அதில் ஏறித்தான் முருகனைப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சாமிர்த டப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்கள், வின்ச் டிக்கெட்டை அடிவாரத்திலேயே போட்டுவிட்டார்கள். ஊட்டி ரயிலுக்குப் பெருமை சொல்ல யுனெஸ்கோ இருக்கிறது. பழநி வின்ச்சுக்கு நாம்தான் இருக்கிறோம்.

இன்னொரு ரயில் இப்போது இல்லவே இல்லை. தேனி மாவட்ட எல்லையில் 'டாப் ஸ்டேஷன்' என்று ஓர் இடம் உண்டு. சுற்றுலா போகிறவர்கள் பனிமூட்டத்தைப் படம் பிடிப்பார்கள். 'ஸ்டேஷன்' என்று பெயர் இருக்கிறதே, ரயில் எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. மூணாறிலிருந்து அந்த இடத்துக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். மாடுகள்தான் எஞ்சின்! 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை அமைத்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறு தேயிலை அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து இரும்புக் கயிற்றுப் பாதையில் தொங்கிக்கொண்டே குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போகும். 1924-ல் வந்த பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டவே இல்லை. மூணாறில் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக மாறிவிட்டது. போடி, தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து மூணாறு தோட்டங்களுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அந்த ரயில் பற்றிய ஒரு துண்டுச் சீட்டு, ஒரு ரசீது, ஒரு புகைப்படம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது இருந்தால், அதற்கு எந்தக் கடைக்காரராலும் விலை போட முடியாது. அடுத்த முறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, பழைய பெட்டியிலிருக்கும் காகிதங்களை அப்படியே அடுப்பில் போட விடாதீர்கள். ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது? அட்டை டிக்கெட் கெட்டி; நூறு வருஷம்கூடத் தாங்கும். தொல்லை எல்லாம் இன்றைய சீட்டில்தான். ஏ.டி.எம். ரசீது, கடை பில் ஆகியவற்றைச் சில மாதம் கழித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளாகியிருக்கும்! அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் மருந்து பூசிய தாள் அது. நம்பாவிட்டால், பழைய பில் ஒன்றின் மேல் சூடான காபி டம்ளரை வையுங்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வட்டமாகக் கறுப்பு விழும். உங்கள் டிக்கெட் அந்த வகைத் தாளாக இருந்தால், வந்தவுடன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதையும் சேர்த்து வையுங்கள். வெயிலில் காட்ட வேண்டாம். பசை போட்டு ஒட்ட வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் தாள் முழுதும் கறுத்துவிடும். நோட்டுப் பக்கத்தில் நான்கு சின்ன முக்கோணக் காகிதங்களை ஒட்டி, டிக்கெட்டின் மூலைகளை அவற்றுக்குள் செருகினால் போதும்.

டிக்கெட் இருக்கும் பக்கத்திலேயே பென்சிலால் நான்கு வரி எழுதுங்கள். யார் யார் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யாருக்கு வாந்தி வந்தது, எங்கே நின்றது. பழைய டிக்கெட் கிடைத்தால், தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பழநி வின்ச் டிக்கெட் என்றால், எந்த வின்ச்சில் ஏறினீர்கள் என்றும் எழுத மறக்காதீர்கள். அங்கே ஓடுவது ஒன்றல்ல, மூன்று!